கொடைக்கானலுக்கு ஒரு கீதம்

கொடைக்கானலுக்கு என்று ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்றால் பத்துக்கு ஒன்பது பேர் 'குணா' படத்துக் குகைப் பாட்டைத்தான் சொல்வார்கள். 1991-ல் வந்த படம். அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'சாத்தானின் சமையலறை'. படத்துக்குப் பிறகு அது குணா குகை ஆகிவிட்டது. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடியும் அதே பாட்டு, மறுபடியும் அதே குகை, மறுபடியும் வத்தலகுண்டு சாலையில் வண்டி நெரிசல். நல்ல பாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கொடைக்கானலைப் பற்றிய பாட்டு இல்லையே? அந்தக் குகை ஊட்டியில் இருந்திருந்தால் பாட்டு ஊட்டிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

கொடைக்கானலுக்காகவே, ஒரு சின்னப் படத்துக்கென்று உருவான பாட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று 2015-ல் வந்த 'கொடைக்கானல் வோன்ட்'. இன்னொன்று 2018-ல் வந்த 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்'. இரண்டுமே சில நிமிடங்கள்தான் ஓடும். இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். 'வோன்ட்' என்றால் 'மாட்டேன்'. கொடைக்கானல் அடங்க மாட்டேன் என்கிறது, மூன்று வருஷம் கழித்து இப்பவும் மாட்டேன் என்கிறது. இந்த இரண்டாவது பாட்டுத்தான் அந்த மலையின் கீதம் என்பது என் கட்சி.

கீதம் என்றால் கூட்டத்தில் எழுந்து நின்று பாடுவது, படத்துக்கு எழுதினதெல்லாம் எப்படி கீதமாகும் என்று கேட்பீர்கள். நம் தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்தது? மனோன்மணீயம் சுந்தரனார் 1891-ல் வெளியிட்ட நாடகத்தின் பாயிரத்தில் இருந்து. அது அரசு விழாப் பாட்டானது 1970-ல், மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டது 2021 டிசம்பரில். வந்தே மாதரம் 'ஆனந்தமடம்' நாவலுக்குள் இருந்தது. 2010 கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டும் கௌதம் மேனன் எடுத்த படத்தோடுதான் ஊரெங்கும் போனது. பாட்டு எங்கே பிறந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை. எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

சரி, கதைக்கு வருவோம். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். அங்கே சீஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனிக்கு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் செயின்ட் மேரீஸ் சாலையில், மலை விளிம்பில் வைத்தார்கள். பக்கத்திலேயே பாம்பார் சோலை. 1987-ல் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது, பின்னால் தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது (2007-க்குப் பிறகு இந்துஸ்தான் யூனிலீவர்). இங்கே செய்த தெர்மாமீட்டர் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. உள்ளே வேலை பார்த்தது மலையில் இருந்த நம் ஆட்கள். பாதரசம் என்பது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம். மூச்சில் போகும், துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். ஜப்பானில் மினமாட்டா ஊர் என்ன பாடுபட்டது என்று அதற்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். அங்கே கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்கு வந்தது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்திருப்பதை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. கழிவை அனுப்புகிறவர்கள் அவர்கள், வாங்கிக்கொள்கிறவர்கள் நாம் என்பதுதான் உலக வழக்கம். இங்கே அது தலைகீழாக நடந்தது, அந்த ஒரு சந்தோஷம்தான். அணுசக்தித் துறையின் ஆய்வகம் ஒன்று கொடைக்கானல் ஏரியின் வண்டலையும் மீனையும் எடுத்துச் சோதித்துப் பாதரசம் இருப்பதாக எழுதியது. 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் கட்டின ஏரி அது. நாம் படகு விட்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் ஏரி.

2006-ல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் நோய்களுக்கும், கூட வேலை பார்த்தவர்களின் சாவுகளுக்கும் பாதரசம்தான் காரணம் என்றார்கள். கம்பெனி இல்லை என்றது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

இந்த இடத்தில்தான் முதல் பாட்டு வருகிறது. 2015 ஜூலை கடைசி. சென்னைப் பெண் சோபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டை எடுத்துக்கொண்டு இங்கிலீஷில் ராப் பாடினார். சில வாரங்களில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் உலகத் தலைவர் பால் போல்மன் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டால்தான் பணம் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் கோபத்தை வரவழைக்கிறது. பத்து வருஷம் வாய்தாவுக்குச் சென்னைக்கு பஸ் ஏறினவர்கள் யார்? பாட்டு கடைசித் தள்ளு. தேர் நகர்கிறபோது பின்னால் கட்டை போட்டவருக்கும் புண்ணியம் உண்டு, ஆனால் வடம் பிடித்தவர்களை மறந்துவிடக் கூடாது. அதே சமயம், அந்தத் தள்ளு ஏன் பலித்தது என்பதையும் பார்க்க வேண்டும். பி.காம் படிக்கிறவனுக்கு இது நன்றாகவே புரியும். சோப்பும் பவுடரும் விற்கிற கம்பெனிக்கு ஐந்தொகையில் இருக்கிற பெரிய சொத்தைவிட, ஐந்தொகையில் ஏறாத நல்ல பெயர்தான் பெரிய சொத்து. பாட்டு கை வைத்தது அங்கே.

அந்த உடன்பாட்டில் கொடுத்த பணத்துக்குப் பெயர் 'எக்ஸ் கிரேஷியா'. கருணைத்தொகை. அதாவது, சட்டப்படி நான் தர வேண்டியதில்லை, மனமிரங்கித் தருகிறேன் என்று அர்த்தம். எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. எங்களுக்கு ஏ.எஸ். 29 என்று ஒரு பாடம். கம்பெனி செலுத்த வேண்டி வரலாம் என்று தெரிகிற தொகைக்கு எப்போது ஒதுக்கீடு செய்ய வேண்டும், எப்போது வெறும் குறிப்பாகக் காட்டினால் போதும் என்று அதில் வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 591 பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். கணக்கில் 'பொறுப்பு' என்பது ஒரு பக்கத்தின் பெயர். வாழ்க்கையில் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தாலும் ஐந்தொகை பொருந்திவிடுகிறது!

ஆட்களுக்கு ஒரு வழி ஆயிற்று. மண்ணுக்கு? இதற்காகத்தான் இரண்டாவது பாட்டு.

தொழிற்சாலை மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சம் இருக்கலாம் என்பதுதான் சண்டை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒத்துக்கொண்ட அளவு, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். நமக்குப் புரிகிற கணக்கில் ஒரு டன் மண்ணுக்கு 20 கிராம். யூனிலீவரின் சொந்த ஊரான பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்குப் பார்க்கிற அளவு 1 மில்லிகிராம் என்று போராடியவர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒரே கம்பெனி, ஒரே பாதரசம், அங்கே 1, இங்கே 20. இது நிறவெறி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள்.

கம்பெனிப் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், மலைச்சரிவில் மண் அரித்துக்கொண்டு போகும், 20 என்பது இந்த இடத்துக்கென்று ஆய்வு செய்து எடுத்த எண் என்றார்கள். மரம் போகும் என்பது பொய்யில்லை. ஆனால் சோலைக்காட்டின் ஓரத்தில், மழை கொட்டுகிற சரிவில் கொண்டுபோய்த் தொழிற்சாலை வைக்கும்போது இந்தச் சரிவு தெரியவில்லையா? வைக்கும்போது இல்லாத அக்கறை சுத்தம் செய்யும்போது வந்தால் எப்படி நம்புவது? அசுத்தப்படுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில். நம் மாநிலத்தில் பிறந்த தீர்ப்பு.

நான் பெரியகுளத்துக்காரன். பாம்பாறு மேலேயிருந்து இறங்கி எங்கள் கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைப் பக்கம் போகிறது. அருவித் தண்ணீரில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் பயந்து குளிக்காமல் இருந்துவிடாதீர்கள். மேலே நடப்பது கீழே இருக்கிறவனின் விஷயமும்தான் என்கிறேன். எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று கேட்டால் கை விரல் போதும்.

2018 பாட்டு கேட்கிற கேள்வி இதுதான். டி.எம். கிருஷ்ணா, சோபியா அஷ்ரஃப், அம்ரித் ராவ் மூவரும் பாடுகிறார்கள். கர்நாடக சங்கீதம் ஒரு பக்கம், ராப் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், தமிழ்ப் பாட்டு. 2017-ல் எண்ணூர் கழிமுகத்துக்காக வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' ஞாபகம் இருக்கிறதா? அதே கிருஷ்ணா, அதே இயக்குநர். அந்த வழியில் வந்தது இது. குறிஞ்சி பூத்த வருஷம் வேறு. தொழிலாளர்கள் நீதிமன்றம் போன 2006-ல் பூத்தது, மண்ணுக்காகப் பாடின 2018-ல் பூத்தது. (யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான்.)

ஆனால் முதல் பாட்டு ஓடின அளவுக்கு இது ஓடவில்லை. இதுதான் என் ஆதங்கம். இரவல் மெட்டில் இங்கிலீஷில் பாடினால் லண்டன் திரும்பிப் பார்க்கிறது. சொந்த மெட்டில் தமிழில் பாடினால் வத்தலகுண்டு கூடத் திரும்பவில்லை. முதல் பாட்டின் விலாசம் வேறு, அது கம்பெனிக்குப் போட்ட கடிதம். அந்த வேலைக்கு இங்கிலீஷ்தான் சரி. அதனால்தான் அதை நான் கீதம் என்று சொல்லவில்லை. இரண்டாவது நமக்குப் போட்ட கடிதம். பிரித்துப் படிக்கவில்லை நாம்.

ஹாஸ்டலில் ஒரு நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "கீதம்னா ஊரைப் புகழணும்டா, நீ ஊர் நாறுறதைச் சொல்ற பாட்டைக் கீதம்ங்குற" என்றான். பூம்பாறைப் பூண்டையும், பழனிக்குப் போகிற மலை வாழைப்பழத்தையும், பிரையன்ட் பூங்காவையும் வைத்து ஒரு பாட்டு எழுதலாம்தான். சுற்றுலாத் துறை கேட்டால் யாராவது நாளைக்கே எழுதிக் கொடுப்பார்கள். நன்றாகவும் இருக்கும். ஆனால் தன் மண்ணுக்கு 20 போதாது, உன் ஊருக்கு என்னவோ அதையே எனக்கும் கொடு என்று கேட்கிற பாட்டைவிட ஊரை எப்படிப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் பிரையன்ட் பூங்காவில் கோடை விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி, மேடையில் கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. அந்த மேடையில் ஒரு முறை இந்தப் பாட்டைப் போடலாம். சில நிமிடம்தான். அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்களா என்றால், மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். மேடை கிடைக்காவிட்டால் போகட்டும், கொடைக்கானலுக்கு பஸ் ஏறும்போது போனில் போட்டுக் கேளுங்கள். காட் ரோட்டில் சிக்னல் போவதற்குள் முடிந்துவிடும்.