ரெட்டியார்பாளையத்துச் சாலைக்கு ஏற்ற கன்வெர்ட்டர்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் நம் இளைஞர்களில் வேகத்தில் நாட்டமுடைய சிலர், எஞ்சினின் கணினியை ரீமேப் செய்து அதன் வலுவை உயர்த்திக்கொண்ட பின்னர், கம்பெனி பொருத்தித் தந்த டார்க் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் ‘ஹை ஸ்டால்’ என்று விற்கப்படும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பூட்டிவிட வேண்டுமென்று ஆவல் கொள்கிறார்கள். அந்த ஆவலை நான் குறை கூறமாட்டேன். யந்திரத்தின்மீது கொள்ளும் பிரியம் நல்ல குணமே. ஆனால் அந்தப் பிரியம், பந்தயத் திடலுக்கென்று அமைந்த ஒரு சாதனத்தை, புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் வழியாக வந்து இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்தின் சிக்னலில் நின்று நின்று நகர வேண்டிய காருக்குள் கொண்டுவந்து வைக்குமானால், காரும் கெடும், கைப்பொருளும் கரையும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

டார்க் கன்வெர்ட்டர் காருக்காகப் பிறந்ததன்று. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் பணிபுரிந்த காலத்தில், மிக விரைவாகச் சுழலும் நீராவி டர்பைனின் விசையை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பலின் உந்துசுழலிக்குத் திரவத்தின் வழியாகவே சேர்ப்பிக்கும் உபாயத்தைக் கண்டு, 1905-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1948-இல் அமெரிக்காவின் ப்யூக் கம்பெனி ‘டைனாஃப்ளோ’ என்ற பெயரில் அதைத் தன் கார்களில் புகுத்தியது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீச, அந்த வீச்சை ஏற்றுச் சுழலும் டர்பைன் கியர்பாக்ஸை இயக்க, இரண்டுக்கும் நடுவே அமைந்த ஸ்டேட்டர் திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி இம்பெல்லருக்கே துணையாக அனுப்புவதால், கார் புறப்படும் தருணத்தில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகிச் சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. வேகம் கூடியபின் இந்தப் பெருக்கத்துக்குத் தேவையில்லை. அப்போதும் எண்ணெய் வழுக்கிக்கொண்டிருந்தால் அது வீண் செலவு. ஆகவே 1949-இல் பாக்கார்ட் கம்பெனி, இம்பெல்லரையும் டர்பைனையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்சைச் சேர்த்தது. நம் நாட்டிலும் மன்மோகன் சூரி என்ற பொறியாளர், டீசல் ரயில் எஞ்சின்களுக்கென்று திரவ விசையையும் யந்திர விசையையும் இணைத்து ஒரு பரிமாற்ற முறையை வகுத்து, 1962-இல் பட்நாகர் விருது பெற்றார் என்பதை, இத்துறை முழுவதும் அயலாருடையது என்று எண்ணுவோர் நினைவில் கொள்வது நலம்.

இனி ஸ்டால் வேகத்துக்கு வருவோம். டர்பைன் அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஏற முடியுமோ, அதுவே ஸ்டால் வேகம். கன்வெர்ட்டரின் பெட்டிமேல் 3,000 என்று அச்சிட்டிருந்தால் எந்தக் காரிலும் 3,000 வரும் என்று நம்புவது பெரும் பிழை. இம்பெல்லர் ஏற்கும் முறுக்குவிசை சுழல்வேகத்தின் இருமடிக்கும், விட்டத்தின் ஐந்துமடிக்கும் ஏற்ப அமைவது. ஆதலால், ஒரே அமைப்புள்ள கன்வெர்ட்டரின் விட்டத்தில் 10 சதவீதம் குறைத்தாலே ஸ்டால் வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்துவிடும். அதுபோலவே, கன்வெர்ட்டரைத் தொடாமல் எஞ்சினின் முறுக்குவிசையை மட்டும் 25 சதவீதம் கூட்டினாலும் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 12 சதவீதம் தானாகவே உயரும். ரீமேப் செய்தவர் தாம் அறியாமலேயே ஓரளவு ஹை ஸ்டாலை வாங்கிவிட்டார் என்பது இதன் பொருள்; அதன்மேல் இன்னொன்றைப் பணம் கொடுத்து வாங்குவது எதற்கு?

உயர்ந்த ஸ்டால் வேகத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. பந்தயத்துக்காகப் பெரிய கேம்ஷாஃப்ட் பொருத்தப்பட்டு, 3,000 சுற்றுக்குக் கீழே உயிரே இல்லாமல் கிடக்கும் அமெரிக்க வி-8 எஞ்சினுக்கு, அது விழித்தெழும் சுற்றுக்கு உடனே தாவிச் செல்ல வழி வேண்டும். அந்த வழியை ஹை ஸ்டால் கன்வெர்ட்டர் தருகிறது. விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் அத்தகைய கார்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. நம் வீதிகளில் ஓடும் டர்போ கார்களின் இயல்போ நேர்மாறானது. பெட்ரோல் ‘தார்’ ஆட்டோமேட்டிக் கார் தன் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 1,500 சுற்றிலேயே தருகிறது. ‘ஸ்லேவியா’ காரின் 1 லிட்டர் எஞ்சின் 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுற்றில் எட்டிவிடுகிறது. 1,500-இல் முழுபலத்தோடு நிற்கும் எஞ்சினை 3,000 வரை வெறுமே வழுக்கவிட்டுப் பிறகு காரை நகர்த்துவதில் என்ன பிரயோஜனம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. (இரட்டைக் கிளட்ச் டி.எஸ்.ஜி. கார்களிலும், ஏ.எம்.டி. கார்களிலும் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. ஆகையால் முதலில் தம் காரில் அது இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.)

வழுக்கல் அனைத்தும் உஷ்ணமாகவே மாறுகிறது. 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் 2,500 சுற்றில் காரைப் பிரேக்கில் பிடித்து நிறுத்திவைத்தால், சுமார் 78 கிலோவாட் சக்தி, ஓர் அங்குலமும் காரை நகர்த்தாமல், எண்ணெயைச் சுடுவதற்கே செலவாகிறது. 5 நொடியில் 8 லிட்டர் எண்ணெயின் உஷ்ணத்தை 25 டிகிரிக்கு மேல் உயர்த்த அது போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் புதுச்சேரியின் வெயில் எப்படிப்பட்டது என்பதை இவ்வூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில், கோரிமேட்டுச் சாலையின் நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்லும்போது, லாக்-அப் பிணைவதற்கு வாய்ப்புக் குறைவு, வழுக்கலே மிகுதி. சாலைகளில் சட்டம் விதித்த வேக உச்சவரம்பு இருக்க, காரின் ஆயுளில் பெரும்பகுதி 2,000 சுற்றை ஒட்டியே கழிகிறது. கன்வெர்ட்டர் திறம்பட வேலை செய்ய வேண்டிய இடம் அதுவே.

ஆகவே, வலு கூட்டப்பட்ட காருக்கு நான் பரிந்துரைப்பது, ஸ்டால் வேகத்தைக் கம்பெனி வைத்த அளவிலேயே அல்லது அதிலிருந்து இருநூறு, முந்நூறு சுற்றுக்கு மேற்படாமல் வைத்து, லாக்-அப் கிளட்சின் லைனிங்கையும் முன்மூடியையும் உறுதிப்படுத்திய கன்வெர்ட்டரைத்தான். ரீமேப் செய்த கார்களில் எளிதில் தோற்பது அந்த லைனிங். சீரான வேகத்தில் செல்லும்போது கரடுமுரடான பாதையில் ஓடுவதுபோன்ற அதிர்வு தோன்றினால் ஐயம் அங்கேதான் எழ வேண்டும். லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டரை, லாக்-அப் உள்ள காரில் பொருத்தவே கூடாது. புதிய கன்வெர்ட்டர் வாங்குவதற்கும் முன்பாக நல்ல ஆயில் கூலர் ஒன்றையும், கியர்பாக்ஸுக்குக் கம்பெனி குறித்த அதே வகை எண்ணெயையும் வாங்கிவிட வேண்டும். பலருக்கு அத்துடனேயே குறை தீர்ந்துவிடும். கியர்பாக்ஸ் ஒருமுறை தேய்ந்து பழுதான காரின் கன்வெர்ட்டரைப் பழைய உதிரிச் சந்தையில் மலிவாக வாங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். உலோகத் தூள் அதன் உட்புறத்தில் தங்கிவிட்டால், வெட்டித் திறக்காமல் அதை முழுமையாக அகற்ற இயலாது. பொருத்தும் வேளையில் கன்வெர்ட்டர் ஆயில் பம்பின் பற்களில் முழுமையாக அமர்ந்திராவிட்டால், போல்ட்டை முடுக்கிய மாத்திரத்திலேயே பம்ப் உடைந்துபோகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தபின் கன்வெர்ட்டருக்கும் அதை எஞ்சினோடு பிணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே சிறு இடைவெளி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்காத மெக்கானிக்கிடம் காரை ஒப்படைக்கலாகாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கன்வெர்ட்டரின் விவரம் பதிவுச் சான்றில் இடம்பெறுவதில்லை. எனினும் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்துமூலம் அறிவித்துவிடுவதே விவேகம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கைத்திறனின் குறைவே. கன்வெர்ட்டரைக் கடைசல் யந்திரத்தில் வைத்துப் பற்றவைப்பின் வழியே அறுத்துத் திறந்து, லைனிங்கை மாற்றி, மீண்டும் பற்றவைத்து, சமநிலை பார்த்துத் தரும் கைத்திறன் நம் இளைஞர்களிடம் பரவலாக இருந்தால், கடல்கடந்து வரும் பெட்டிகளை நம்பி நிற்க வேண்டிய நிலையே இராது. இலாசுப்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கென்றே ஆறு மாதப் பயிற்சி ஒன்றை இவ்விரண்டில் ஒன்றிலேனும் புதுச்சேரி அரசு தொடங்குமானால், அதன் முதல் வகுப்புக்குப் பழைய கன்வெர்ட்டர்களைக் கொடுத்துதவ நம் பட்டறைக்காரர்கள் நிச்சயம் முன்வருவார்கள்.