குளிர் வராத கேரவன்

கேரவன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா நட்சத்திரம்தான். ஷூட்டிங் நடக்கும் தெருவின் ஓரத்தில் ஒரு நீள வண்டி, மூடிய கதவு, உள்ளே ஏ.சி. வெளியே வெயிலில் கூட்டம். அந்தக் காட்சி இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021-ல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்று சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. மகாராஷ்டிரமும் அதே ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமணில் கேரவன்கள் தங்கும் பார்க் ஒன்று திறக்கப்பட்டது. கட்டில், அடுப்பு, கழிப்பறை சகிதம் ஊர் சுற்றுவது, வாடகை கொடுக்க முடிந்த எவருக்கும் சாத்தியம் என்றாகிவிட்டது.

ஆனால் இந்த நடமாடும் வீட்டில் ஒரு பகல் கழித்தவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: “ஏ.சி. ஓடுது, ஆனா குளிரலை.” பின்கட்டிலில் படுத்தவருக்குப் போர்வை வேண்டும். முன்னால் உட்கார்ந்தவருக்கு விசிறி வேண்டும். மேல்படுக்கையில் இருக்கும் குழந்தை வியர்வையில் நனைந்து எழுந்து அழும். வண்டிக்காரர் உடனே பட்டறைக்குப் போய், “இன்னும் பெரிய ஏ.சி.யாப் போடுங்க” என்பார். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருப்பதில்லை. மெஷின் கொடுத்த குளிர் எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு டன் ஏ.சி. என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றும். மின்சார மொழியில் சொன்னால் சுமார் 3.5 கிலோவாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடுகிறது. நாலு பேர் என்றால் 400 வாட். நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. வேன் அல்லது பஸ்ஸின் முன்கண்ணாடி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். வெயில் நேரே அதன் முகத்தில் அடித்தால், அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் உள்ளே வரலாம். அதாவது ஒரு டன் மெஷினின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கண்ணாடியே தின்றுவிடும். கூரையும் பக்கச் சுவர்களும் தங்கள் பங்குக்குத் தனி.

வீட்டுச் சுவர் ஒன்பது அங்குல செங்கல். வண்டிச் சுவர் ஓர் இரும்புத் தகடு, உள்ளே கொஞ்சம் ஃபோம், அதன்மேல் பிளைவுட். ஃபோமை எவ்வளவு தடிமனாக வைத்தாலும், கூண்டின் இரும்புச் சட்டங்கள் வெளித்தகட்டிலிருந்து உள்பலகை வரை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், வெப்பம் அந்தச் சட்டங்கள் வழியே சாவகாசமாக நடந்து உள்ளே வந்துவிடும். சந்தேகம் இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு உள்சுவரில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். சட்டம் ஓடும் இடமெல்லாம் சுடும், நடுவில் சுடாது. புதிதாக வண்டி கட்டுபவர்கள் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டச் சொல்வது நல்லது. ஏற்கெனவே கட்டிய வண்டிக்குச் சுலபமான வைத்தியம், கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட்.

தெர்மாமீட்டர் சொல்லும் உண்மை

மெஷின் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் தேவையில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏ.சி.யைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அது காற்றை உள்ளே இழுக்கும் வலைக்குப் பக்கத்தில் ஒரு அளவு எடுங்கள். குளிர்காற்று வெளியே வரும் வாயில் இன்னொரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் இருந்தால் மெஷின் தன் கடமையைச் செய்கிறது. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடற்கரை ஊர்களில் இது கொஞ்சம் குறையலாம், அதில் தவறில்லை. நாலைந்து டிகிரிதான் என்றால் ஃபில்டரைக் கழுவுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால்தான் கேஸ், கம்ப்ரஸர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மெஷினுக்குப் பக்கத்தில் குளிர் சரியாக இருந்து, கடைசி ஜன்னல் பக்கத்தில் மட்டும் இல்லையென்றால் அது காற்றோட்டப் பிரச்னை. இதில் இரண்டு வகை.

வெளிநாட்டுப் பாணியில் கூரைமேல் உட்காரும் ஏ.சி. முதல் வகை. அமெரிக்க மோட்டார் ஹோம்களில் 13,500 அல்லது 15,000 பி.டி.யூ. அளவில் இதைப் பார்க்கலாம். கூரையில் ஓட்டை போட்டு மெஷினை மேலே வைத்து, உள்கூரைக்குள் ஒரு டக்ட் ஓடவிட்டு, அங்கங்கே வாய் வைத்திருப்பார்கள். மெஷினுக்குக் கீழே இருக்கும் பெட்டியில்தான் சூட்சுமம். வண்டிக்குள்ளிருந்து திரும்பும் சூடான காற்றும், மெஷினிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் அந்த ஒரே பெட்டியில் அடுத்தடுத்த அறைகளில் ஓடுகின்றன. நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பில் இடுக்கு இருந்தால், குளிர்காற்று டக்டுக்குள் போகாமல் குறுக்கு வழியில் மெஷினுக்கே திரும்பிவிடும். போதாக்குறைக்குப் பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டின் உணர்கருவி அந்தத் திரும்பும் அறையில்தான் இருக்கிறது. கசிந்த குளிர் அதன்மேல் பட்டதும் ‘வண்டி முழுக்க குளிர்ந்துவிட்டது’ என்று நம்பி அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பின்னால் இருப்பவர்கள் வேகிறார்கள், மெஷின் ஓய்வெடுக்கிறது.

இதற்கு வைத்தியம் ஒரு சுருள் அலுமினிய டேப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உள்மூடியைக் கழற்றி, தடுப்பின் எல்லா ஓரங்களையும் ஒட்டுங்கள். டக்ட் தொடங்கும் இடம், ஒவ்வொரு வாயின் விளிம்பு, கடைசி வாய்க்கு அப்பால் வெட்டியாக நீளும் டக்டின் முனை, எல்லாவற்றையும் அடையுங்கள். துணி டேப் வேண்டாம், சூட்டில் அதன் பசை இளகிவிடும். மெஷினுக்குப் பக்கத்து வாய்களைப் பாதி மூடி, தூரத்து வாய்களை முழுசாகத் திறந்து வையுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் தலைமடையை மட்டும் திறந்து வைத்தால் கடைமடை காயும். காற்றுக்கும் அதே நியாயம்தான்.

இரண்டாவது வகை நம்மூர்ப் பாணி. வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.யையே வண்டிக்குள் மாட்டிவிடுவது. விலை குறைவு, எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். ஆனால் அது பத்துக்குப் பன்னிரண்டு அறையின் குறுக்கே காற்றை எறிவதற்காகச் செய்யப்பட்டது. ஏழடி அகல வண்டியின் பக்கச் சுவரில் மாட்டினால், காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி மெஷினுக்குள்ளேயே போய்விடும். வண்டியின் ஒரு முனையில் மாட்டி, நீளவாக்கில் வீசவிடுவதே சரி. நடுவில் அலமாரியோ கழிப்பறைத் தடுப்போ இருந்தால், அந்த மூலையில் 12 வோல்ட் விசிறி ஒன்று. அது சில வாட் மின்சாரத்தில் குளிரை அடுத்த பகுதிக்குக் கடத்தும். வெளிப்பெட்டியை வண்டிக்கு அடியில் ஒளித்து வைப்பவர்கள் அது விடும் அனல் திரும்பவும் அதற்கே போகாதபடி வழி விட வேண்டும். தான் விட்ட அனலையே தான் இழுக்கும் மெஷின் எத்தனை டன் ஆனாலும் குளிராது.

பெரிசு என்றால் நல்லதா?

“எதற்கு இத்தனை வேலை, ரெண்டு டன் போட்டால் தீர்ந்தது” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி. இரண்டு வேலை செய்கிறது: சூட்டைக் குறைக்கிறது, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிகிறது. சின்ன இடத்தில் பெரிய மெஷின் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் சூடு இறங்கி கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரம் பிழிய நேரம் இருக்காது. கொச்சியிலோ மங்களூரிலோ இரவு தங்கினால் 23 டிகிரியில் மெத்தை பிசுபிசுக்கும். அளவான மெஷின் நிதானமாக, நெடுநேரம் ஓடுவதே சுகம். இன்னொன்று: கம்ப்ரஸர் நின்ற பிறகும் மெஷினின் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால், காயிலில் படிந்த ஈரம் மறுபடி காற்றில் ஏறும். புழுக்கமான ஊர்களில் ஃபேனை ‘ஆட்டோ’வில் வைப்பது உத்தமம்.

புது வீட்டு ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 முதல் இந்தியாவில் நடைமுறை. உடம்பின்மேல் சின்ன விசிறிக் காற்று பட்டால் இன்னும் ஓரிரு டிகிரி ஏற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. வண்டியில் இது முக்கியம், ஏனென்றால் மின்சாரம் அங்கே எண்ணிச் செலவழிக்க வேண்டிய சரக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். லெட்-ஆசிட் வகை என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். ஒரு டன் ஏ.சி. முழுமூச்சில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் வேண்டும். ஆக ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சோலார் தகடு வைத்தால் வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும், குளிர வேண்டுமென்றால் நிழலில் நிறுத்த வேண்டும். இந்தத் தர்மசங்கடத்துக்கு முழுத் தீர்வு இல்லை. முன்கண்ணாடியை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, கண்ணாடிக்கு வெளிப்புறமாக ஒரு வெள்ளி நிறப் படுதா கட்டுவது மலிவான பாதித் தீர்வு. உள்ளே கட்டும் திரை கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் தடுக்கும். வெளியே கட்டுவது வாசலிலேயே நிறுத்திவிடும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

மின்சாரம் போதாதபோது ஜெனரேட்டர் வருகிறது. இங்கேதான் வசதி பற்றிய பேச்சு உயிர் பற்றிய பேச்சாக மாறுகிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் அதன் ஊழியர்கள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். போலீஸும் மோட்டார் வாகனத் துறையும் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களும் அதே வண்டியை வைத்துச் சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று முடிவானது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவருக்கு அந்த முதல் இரண்டு எச்சரிக்கைகளும் கிடைப்பதில்லை.

நம்மில் பலரும் நினைப்பதுபோல ஏ.சி. வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதில் விஷம் கலந்திருந்தால் விஷத்தையும் குளிர வைத்துப் பரிமாறும். இன்னொரு சங்கதியும் உண்டு. கழிப்பறையிலோ சமையல் மேடையிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல்களை இறுக மூடியிருந்தால் அது தரையிலுள்ள வயர் ஓட்டை, பைப் ஓட்டை வழியாக வரும். அந்த ஓட்டைகளுக்குக் கீழேதான் புகைக்குழாய் இருக்கிறது.

ஆகவே குளிருக்காக நீங்கள் அடைக்கும் ஓட்டைகளில் முதலில் அடைக்க வேண்டியவை தரையில் இருப்பவை. இதனால் அனலும் குறையும், ஆபத்தும் குறையும். ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டு யாரும் உள்ளே தூங்கக் கூடாது. புறப்படும் முன்பே, இரவு தங்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காத இரவில் இன்ஜினை அணைத்து, தரைக்கு மேலே உயரத்தில் உள்ள ஜன்னலை நல்ல காற்று வரும் பக்கமாகத் திறந்து, கொசுவலை போட்டு, 12 வோல்ட் விசிறியில் தூங்குங்கள். பக்கத்தில் இன்னொரு வண்டி இன்ஜினை ஓடவிட்டு நின்றால், அலுப்புப் பார்க்காமல் தள்ளி நிறுத்துங்கள். படுக்கையின் உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் மாட்டுங்கள். கேரவனுக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.

வாடகைக்கு எடுப்பவர்கள் வண்டியைப் பார்க்கப் போகும்போது டி.வி. எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? அதன் புகை எந்தப் பக்கம் போகிறது? தரையில் ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா? அலாரம் இருக்கிறதா, அதன் பட்டனை அழுத்தினால் கத்துகிறதா? வடகரையில் இறந்தவர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்ல, வண்டியிலேயே வேலை பார்த்தவர்கள். இந்தக் கேள்விகள் உங்கள் ஒரு வாரப் பயணத்துக்காக மட்டுமல்ல. நீங்கள் இறங்கிய பிறகும் அந்த வண்டியில்தான் படுத்துத் தூங்க வேண்டிய டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துத்தான்.