ரசனைக்கு எதுக்குய்யா ஸ்கேல்?

பேங்கில் ஆபீசர்களை ஸ்கேல் ஒன்று, ஸ்கேல் இரண்டு என்று ஏழு வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளலாம். ரசனைக்கும் அதே மாதிரி ஸ்கேல் போடுகிற நம்மூர் பெரிய மனிதர்களை என்ன செய்வது? அவர்கள் கணக்கில் கவிதை என்றால் ஸ்கேல் ஏழு. அதுவும் தலையில் துண்டு கட்டிய கவிதையாக இருக்கக் கூடாது, பட்டு வேட்டி கட்டியிருக்க வேண்டும். பாட்டும் கூத்துமாக வரும் படம் கிளார்க் கிரேடு. டிவி காமெடி? தினக்கூலி.

எனக்கு மூன்றும் பிடிக்கும். மூன்றையும் நாலு பேரிடம் சொன்னால்தான் தூக்கம் வரும். பிரச்சனை அங்கேதான் ஆரம்பம்.

நான் இருப்பது ஜாதவ்பூரில், 8பி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பொங்கலுக்கு இங்குள்ள நம்மாட்கள் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு யோசனை கேட்டார்கள். நானும் சொன்னேன். மலய் ராய் சௌத்ரியின் இரண்டு கவிதைகள் தமிழில். அப்புறம் சத்யஜித் ராயின் 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் வரும் பேய் நடனம். கடைசியில் லொள்ளு சபா ஒரு எபிசோட். கமிட்டியில் பதில் வந்தது: முதலாவது ஆபாசம், இரண்டாவது பெங்காலிப் பேய், மூன்றாவது தரமில்லை. பதிலுக்கு ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பைக் கேட்காதீர்கள்.

'ஆபாசம்' என்று சொன்னவர் கூடவே, "கோர்ட்டுக்கே போன ஆளாச்சே" என்றார். ஆமாம் சார், போனார். அந்தக் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

மலய் பாட்னாக்காரர். அவரும் அவர் அண்ணன் சமீரும், சக்தி சட்டோபாத்யாய், தேபி ராய் என்ற நண்பர்களும் சேர்ந்து 1961 நவம்பரில் ஆரம்பித்ததுதான் 'பசித்த தலைமுறை' இயக்கம். புத்தகம் போடக் காசில்லை. ஒற்றைத் தாளில் அச்சடித்து காபி ஹவுஸில் இலவசமாகக் கொடுத்தார்கள். கடையில் விலைக்குக் கிடைக்காது, கையிலிருந்து கைக்குத்தான் போகும். அத்தோடு நிற்காமல், மந்திரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் காகித முகமூடிகளை அனுப்பி, 'தயவுசெய்து முகமூடியைக் கழற்றவும்' என்று எழுதினார்கள். சும்மா விடுவார்களா? 1964 செப்டம்பரில் கைது. 'பிரசண்ட வைத்யுதிக் சுதார்' என்ற கவிதைக்காக மலய் மேல் வழக்கு நடந்தது. சக்தி அரசுத் தரப்பு சாட்சியாகப் போனார். அந்த இயக்கத்தோடு ஒத்துப்போகாத சுனில் கங்கோபாத்யாய் மலய்க்காகக் கூண்டேறினார். 1965 டிசம்பரில் 200 ரூபாய் அபராதம். 1967 ஜூலையில் ஹைகோர்ட் விடுதலை செய்தது.

அப்போது மலய் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? ரிசர்வ் பேங்கில், நைந்துபோன நோட்டுகளை அழிக்கும் பிரிவில். வழக்கு வந்ததும் சஸ்பென்ஷன். பேங்க்காரனான எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டை அடைக்கும். ஒரு கவிதைக்காக மாதச் சம்பளத்தைப் பணயம் வைப்பது என்றால் என்னவென்று, இ.எம்.ஐ. கட்டுகிற எவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. 2003ல் சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு கொடுத்தபோது வேண்டாம் என்றார். 2023 அக்டோபரில் மும்பையில் காலமானார். இன்று அந்த இயக்கத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். நல்லது. ஆனால் ஒற்றைத் தாள் சமாசாரங்கள் இத்தனை வருடம் எப்படிப் பிழைத்தன?

சந்தீப் தத்தா மாதிரி ஆட்களால். ஸ்கூல் வாத்தியார். 1972ல் நேஷனல் லைப்ரரியில் சிற்றிதழ்கள் கழித்துப் போடப்பட்டதைப் பார்த்து வயிறெரிந்தார். 1978ல் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் டேமர் லேனில், தன் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் திறந்தார். 2023 மார்ச்சில் போய்ச் சேரும்வரை அதைக் கட்டிக் காத்தார். ரசிகன் என்றால் இவர். எந்தக் கமிட்டியிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்து 'பெங்காலிப் பேய்'. 1969ல் வந்த அந்தப் படத்தில் நாலு வகைப் பேய்களை ராய் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆடவிட்டார். எதை வைத்து? மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். நம்ம தாளவாத்தியக் கச்சேரியில் மனசைப் பறிகொடுத்து அதையே பேய்களுக்குக் கொடுத்தார் மனுஷர். சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களுக்கு இது பெங்காலிப் பேயாம்! 'சின்னப் பசங்க படம்' என்பவர்கள் 1980ல் வந்த அடுத்த பாகத்தைப் பார்க்கட்டும். அதில் ராஜா மூளைச்சலவை மெஷின் வைத்திருப்பார். எமர்ஜென்சியைப் பார்த்திருந்த ஜனங்களுக்கு அது யாரென்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

லொள்ளு சபாவுக்கு வருகிறேன். 2000களின் நடுவில் விஜய் டிவியில் வந்தது. அட்டை செட், ஓசி விக், ராம்பாலா டைரக்‌ஷன். சந்தானம் அங்கிருந்து வந்தவர்தான். கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ஊரில், ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய படத்தை எடுத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மனோகர் கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது, அந்த ஒரிஜினல் சீனில் நாம் ஏன் அழுதோம் என்று நமக்கே சந்தேகம் வரும். மலய் கோஷ்டி தபாலில் அனுப்பிய முகமூடியும் இந்த அட்டை செட்டும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. சேஷு 2024 மார்ச்சில் இறந்தபோது என் போனில் நாள் பூராவும் அவருடைய துண்டு வீடியோக்கள்தான். ரசிகர்கள் வெட்டி, சேர்த்து, அனுப்பி உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

"அப்போ எல்லாமே ஒண்ணா? தரம்னு ஒண்ணு கிடையாதா?" என்பார்கள். இருக்கிறது சாமி. மட்டமான காமெடி மாதிரியே மட்டமான கவிதையும் உண்டு, அது மூட்டை மூட்டையாகவே உண்டு. இருட்டுக்கடை அல்வாவையும் இங்கத்து நொலேன் குட சந்தேஷையும் தின்று பார்த்துச் சொல்லலாம். அல்வா என்ற ஒரே காரணத்துக்காகக் கீழே வைக்காதீர்கள் என்கிறேன். இங்கே ஸ்கூலில் பெங்காலியும் இங்கிலீஷும் பேசி வளர்கிற நம் பிள்ளைகளுக்கு, வருஷம் ஒரு பட்டிமன்றம்தான் தமிழ் என்று காட்டினால் அவர்கள் ஓடாமல் என்ன செய்வார்கள்? என் பெண் லொள்ளு சபா பார்த்துவிட்டுத்தான் "ஒரிஜினல் படம் எதுப்பா?" என்று கேட்டுப் பழைய சிவாஜி படங்களுக்குள் நுழைந்தாள்.

வரும் சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டு ஹாலில் அந்த மூன்றும், நான் சொன்ன அதே வரிசையில். பாய் விரித்திருக்கும். லேக் மார்க்கெட்டிலிருந்து காபிப்பொடி வாங்கியாகிவிட்டது. கமிட்டிக்காரர்களும் வரலாம், செருப்பை மட்டும் வெளியே விடவும்.