எந்த வண்டிக்கு எந்தப் பூட்டு?

வண்டி இல்லாத வீடு இன்று குறைவு. சைக்கிளாவது இருக்கும். பல வீடுகளில் கடனுக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அது திருட்டுப் போனாலும் மாதத் தவணை நிற்காது. வண்டி இருக்காது, கடன் இருக்கும்!

1948-ம் ஆண்டில் இத்தாலியில் "சைக்கிள் திருடர்கள்" என்று ஒரு சினிமாப் படம் வந்தது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஒருவன், முதல் நாளே சைக்கிளைப் பறிகொடுக்கிறான். சைக்கிள் இல்லை என்றால் வேலை இல்லை. சிறு மகனைக் கூட்டிக்கொண்டு ரோம் நகரத் தெருக்களில் அலைகிறான். நம் ஊர் பால்காரருக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியது இல்லை.

உடைக்கவே முடியாத பூட்டு கிடையாது. ஆனால், உடைக்க நேரம் பிடிக்கும் பூட்டு உண்டு. நேரம் ஆவதும், நாலு பேர் பார்ப்பதும் திருடனுக்குப் பிடிக்காது. ஆகவே அந்தப் பூட்டைத்தான் வாங்க வேண்டும்.

சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் சிறு பூட்டு மட்டும் போதாது. சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடலாம் அல்லவா? கனமான சங்கிலியைச் சக்கரத்திலும் பிரேமிலும் கோத்து, ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

மோட்டார் சைக்கிளில் 'ஹாண்டில் லாக்' இருக்கிறது. அதைத் திருகி உடைத்துவிடுகிறார்கள். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால், டிஸ்க்கில் மாட்டும் பூட்டு நல்லது. பூட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பினால் கீழே விழ நேரும். அதற்காகப் பூட்டில் இருந்து ஹாண்டில் வரை ஒரு கலர் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனை! டிஸ்க் இல்லாத வண்டிக்குச் சங்கிலிதான். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்கு எந்தப் பூட்டும் உதவாது.

புதிய கார்கள் பலவற்றில் சாவிக்குள்ளேயே 'சிப்' இருக்கிறது. அந்தச் சாவி இல்லாமல் என்ஜின் ஓடாது. பழைய கார் என்றால், ஸ்டீரிங்கில் மாட்டும் இரும்புத்தடிப் பூட்டு வாங்கலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் காரில் வேறு தொல்லை. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை வெளியில் இருந்தே கருவியால் இழுத்து, காரைத் திறந்துவிடுகிறார்கள். சாவியை வாசல் ஓரத்தில் தொங்க விடாதீர்கள். அலையைத் தடுக்கும் பை கடையில் கிடைக்கிறது.

அலாரத்துக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம் என்போம். பூனை ஏறினாலும் கத்தும். தினமும் கத்தினால் பக்கத்து வீட்டார்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

லாரி, ஆட்டோ வைத்துப் பிழைப்பவர்கள் பேட்டரிக்கும் ஸ்டெப்னிக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போட வேண்டும். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுக்காது. தேடிக் கண்டுபிடிக்க உதவும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் முதல், புது மோட்டார் சைக்கிளுக்கு 5 ஆண்டு 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் கட்டாயம். அது, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு உரியது. வண்டி களவு போனால் அதில் ஒரு பைசா கிடைக்காது. களவுக்கு உரிய இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். '5 வருஷத்துக்குக் கட்டியாயிற்று' என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்தக் காகிதத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். வண்டி விற்கும் கடைக்காரர்களும் இதை வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். பொடி எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்ன செய்வார்?

வண்டி திருட்டுப் போனால் உடனே போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பணம் கேட்டுப் போகும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். ஆகவே இரண்டாவது சாவி வண்டிப் பெட்டிக்குள் கிடக்க வேண்டாம். வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.