பாட்டியைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்



என் வகுப்புப் பையன் ஒருவனை அவன் பாட்டிதான் தினமும் பள்ளிக்கு அழைத்து வருவார். வயது 74. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளி சுமந்த தோள். சென்ற வருடம் ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. பாட்டிக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. "உழைச்சது போதும்மா, நீங்க சும்மா உட்காருங்க" என்று தொலைக்காட்சியின் முன் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டியின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது. எழுந்திருக்க இரண்டு கைகளையும் ஊன்றினார். தைலப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் பேரனிடம் நீட்டினார்.

"வயசாயிடுச்சு டீச்சர், அப்படித்தான்" என்றார் மகன்.

அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. முதுமை வேறு, நலிவு வேறு. 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். காரணமில்லாமல் உடல் இளைப்பது, எப்போதும் களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் அது நலிவு. அதன்பின் ஒரு சிறு காய்ச்சல்கூட அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும்.

ஓய்வு நல்லதுதானே என்பீர்கள். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. பத்து நாளுக்கே இப்படி என்றால் ஆறு மாத நாற்காலி என்ன செய்யும்?

ஆனால் இழந்த பலத்தை இந்த வயதிலும் பெரும்பாலும் மீட்கலாம். அதற்கு வீட்டிலேயே வழி உண்டு.

முதலாவது சாப்பாடு. நம் வயதானவர்கள் பலர் கோப்பியும் ரொட்டியுமாகப் பசியாறி, இரவில் ரசச் சோற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். தசைக்குப் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே மீன், நெத்திலி, பருப்பு, தெம்பே, பால் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யவேண்டும்.

இரண்டாவது, எழுந்து உட்காருதல். உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதலில் கை ஊன்றட்டும். காலையும் மாலையும் செய்தால் போதும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, வேலை. கீரை ஆயட்டும், துணி மடிக்கட்டும், கோயில்வரை நடக்கட்டும். விழுந்துவிடுவார் என்று பயந்தால் குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், கைப்பிடி பொருத்துங்கள், பழைய சிலிப்பரை மாற்றுங்கள். காரணமில்லாமல் உடல் இளைத்தால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்திற்கும் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். சில மாத்திரைகளால் தலைசுற்றி விழுவதும் உண்டு.

மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "அம்மா மேல உள்ள பாசத்தாலதான் டீச்சர்..." என்றார். பாசத்தில் குறையில்லை ஐயா. அதை நாற்காலியாகக் கொடுக்காமல், கைப்பிடித்து நடக்கும் துணையாகக் கொடுங்கள் என்றேன்.

மூன்று மாதமாகிறது. பாட்டி இன்னும் பள்ளிவரை வருவதில்லை. ஆனால் பாதி வழியில் இருக்கும் கோயில்வரை, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் வந்துவிடுகிறார்.