அழைப்பிதழில் இல்லாத அண்ணாவியார்

சித்தாண்டியில் பஸ் ஏறினால் மாவடிவேம்பைத் தாண்டிச் சில நிமிடங்களில் வந்தாறுமூலை வந்துவிடும். கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரம் இவ்வளவுதான். நாடகம் என்று வரும்போது மட்டும் அந்தத் தூரம் நீண்டுவிடுகிறது என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பல்கலைக்கழகங்கள் செவ்வியல் நாடகங்களையும் தழுவல் நாடகங்களையும் விழாவெடுத்து மேடையேற்றுகின்றனவே, அதனால் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன பயன் என்பது அவரது வினா. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஊர்களால் பல்கலைக்கழகங்கள் பெற்ற பயன் என்ன?

மட்டக்களப்பு மண்ணுக்குப் பிறமொழி நாடகம் புதிதல்ல. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926 இலேயே 'மதங்க சூளாமணி'யை எழுதி, ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழாக்கி அழைத்தவர். மேலை நாடகத்தையும் தமிழ் நாடக மரபையும் ஒரே நூலில் அருகருகே வைத்துப் பார்த்தவர். தழுவல் என்பது கடன் வாங்குவது மட்டுமன்று, நம்மிடம் இருப்பதை அடையாளங் காண்பதுமாகும் என்பதற்கு அந்நூல் நல்ல சான்று.

அடுத்த பெரிய திருப்பம் பேராதனையில் நிகழ்ந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் சிங்கள நாடகம மரபைக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றிச் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றியிருந்தார். அந்த நாடகம மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', அதன் பின்னர் 'வாலி வதை' என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. உலக நாடக தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டதும் அதே 1962 ஆம் ஆண்டு மார்ச் 27 இலேயே. 'இராவணேச'னை எழுதி இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியராக விளங்கிய சி. மௌனகுரு.

விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணித்தியால நாடகமாகச் சுருங்கியது. இதைக் குறைசொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். கூத்து ஒருபோதும் உறைந்துபோன பொருளாக இருந்ததில்லை. பார்வையாளரைக் கண்டு, நேரத்தைக் கண்டு கூட்டியும் குறைத்தும் ஆடப்பட்டதே அது.

என் மனக்குறை வேறு. பேராதனை மாணவர்களுக்கு ஆட்டமும் தாளக்கட்டும் பழக்கியவர் யார்? வந்தாறுமூலையைச் சேர்ந்த அண்ணாவியார் செல்லையா. கிழக்குப் பல்கலைக்கழகம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்தாறுமூலை ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியரை அனுப்பியிருக்கிறது! நாடக வரலாறு எழுதியோர் அவர் பெயரைப் பதிவு செய்துள்ளனர் என்பது ஆறுதல். ஆனால் பொதுவாசகர் நினைவில் பேராசிரியரின் பெயர் நிற்கிற அளவுக்கு அண்ணாவியாரின் பெயர் நிற்கிறதா?

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. பத்திரிகையில் சேர்ந்த ஆரம்ப காலத்தில், ஒரு பல்கலைக்கழக மாணவர் மேடையேற்றிய கூத்துவழி நாடகம் ஒன்றைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். நெறியாளரைப் பாராட்டினேன். நடிகர்களையும் ஒளியமைப்பையும் பாராட்டினேன். அந்த மாணவர்களுக்கு மூன்று மாத காலம் ஆட்டம் பழக்கியவர் எங்கள் பகுதி அண்ணாவியார் ஒருவர். அழைப்பிதழின் அடியில் நன்றிக்குரியோர் வரிசையில், மண்டபம் தந்தவருக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் பின்னால் அவர் பெயர் இருந்தது. என் கட்டுரையில் அதுவும் இல்லை.

சில வாரங்கள் கழித்துக் கோயில் வீதியில் அவரைச் சந்தித்தேன். "மகன், பேப்பர்ல நீங்க எழுதினத்த மகள் வாசிச்சுக் காட்டினா. ஆடினவங்கட பேரெல்லாம் கிடக்கு. ஆட்டுவிச்சவன்ட பேரக் காணல்லியே?" என்றார். கோபம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் இடப்பற்றாக்குறை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பொய். அவர் பெயர் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை என்பதே உண்மை. அரங்கிலே வேட்டியும் துவாயுமாக ஓரத்தில் மத்தளத்தோடு நின்றவரை 'கலைஞர்' என்று என் பட்டப்படிப்பு எனக்குக் கற்றுத்தரவில்லை. அவர் இன்று இல்லை. திருத்தம் வெளியிட இனி வழியுமில்லை.

ஓர் அண்ணாவியார் செய்வது என்ன என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். ஏட்டிலோ கொப்பியிலோ இருக்கும் கூத்தைப் பாத்திரத்துக்கேற்பப் பிரித்து ஆளாளுக்குச் சட்டம் கொடுப்பார். உடல்வாகும் குரலும் பார்த்து இன்னார் இன்ன வேடம் என்று முடிவு செய்வார். வரவுத் தாளம் தொடங்கி ஒவ்வோர் ஆட்டத்தையும் மாதக்கணக்கிற் பழக்குவார். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக அரங்கேற்றம் வரை கொண்டுசெல்வார். அரங்கேற்ற நாளில் விடியும்வரை மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார். நாடகப் பட்டதாரிகள் நெறியாள்கை, பாத்திரத் தெரிவு, நடன அமைப்பு, இசையமைப்பு என்று தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவை அனைத்தும் இங்கு ஒருவரிடமே இருக்கின்றன.

1990களில் மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நுண்கலைத் துறையை வளர்த்தபோது, உலக நாடக தினத்தையொட்டி மாணவர் நாடகங்கள் விழாவாக மேடையேறின. அது எத்தகைய காலம் என்பதையும் நினைவுகூர வேண்டும். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து அதே வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவேயில்லை. உறவினர்கள் இன்னமும் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நாடகம் போடுவது பொழுதுபோக்கன்று. போரில் மகனை இழந்த மண்டோதரியின் புலம்பலை இப்பகுதித் தாய் ஒருத்தி கேட்கும்போது, அவள் கேட்பது புராணத்தை மட்டுமல்ல. அந்தத் தாய் மண்டபத்துக்குள் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால் பல்கலைக்கழக நாடக விழாக்கள் பெரும்பாலும் யாருக்காக நடக்கின்றன? விரிவுரையாளர், மாணவர், அழைக்கப்பட்ட பிரமுகர், என்னைப் போன்ற பத்திரிகையாளர். வாசலில் அழைப்பிதழ் கேட்பார்கள். நாடகம் முடியும் நேரத்தில் ஊருக்குத் திரும்ப பஸ் இராது.

கிரேக்க நாடகமும் பிரெக்டும் கிராமத்தவருக்கு விளங்குமா என்று சிலர் கேட்பதுண்டு. கட்டியகாரன் வந்து 'இன்னார் வருகிறார்' என்று அறிவிக்க, அரசன் தானே தன் வரவைப் பாடிக்கொண்டு களரியிற் புகுவதைப் பரம்பரையாகப் பார்த்தவர்கள் எங்கள் மக்கள். வேடம் வேறு, வேடம் கட்டியவர் வேறு என்பதை அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிரெக்ட் தம் பார்வையாளரிடம் பாடுபட்டு வரவழைக்க முயன்ற தெளிவு அது. பரிசோதித்துப் பாராமலேயே 'விளங்காது' என்று தீர்ப்பளிப்பது நேர்மையன்று.

வேறு வழி இல்லாமலும் இல்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரைச் சார்ந்தோரும் கூத்து மீளுருவாக்கத்தை ஊரிலேயே, ஊராரோடும் அண்ணாவிமாரோடும் விவாதித்துச் செய்தனர். கூத்தில் பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள், சாதி எப்படி வருகிறது என்பவை களரியிலேயே பேசுபொருளாயின. பாடம் ஊருக்கு வந்தது, ஊரும் பாடத்தைத் திருத்தியது.

எனவே நாடகத் துறையினரிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, அண்ணாவியாரின் பெயர் நன்றியுரையில் அல்ல, நெறியாளரின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். உரிய கொடுப்பனவும் வழங்கப்படட்டும். இரண்டாவது, விழாவில் ஒரு நாளாவது, தழுவல் நாடகம் உட்பட, சித்தாண்டியிலோ கிரானிலோ சந்திவெளியிலோ ஒரு திறந்த வெளியில் நடக்கட்டும். மூன்றாவது, முதிய அண்ணாவிமாரின் கொப்பிகள் கறையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் பிரதியெடுப்பதை மாணவர்களின் பாடவேலையாகவே ஆக்கலாம்.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடகம் பார்க்கப் போனால் மேடையின் நடுவை மட்டும் பாராதீர்கள். ஓரத்தில் மத்தளத்தோடு நிற்பவரிடம் போய்ப் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் அன்று செலவிடவில்லை.