சோறு வைக்கும் கையே கூண்டும் வைக்கட்டும்

கீழ அடையவளஞ்சான் வீதி உறவுகளுக்கு,

நாய்களால் நம் தெரு இரண்டுபட்டுக் கிடக்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். ராத்திரி சோறு வைக்கிறவர்கள் ஒரு பக்கம், விடிகாலையில் கோயிலில் விசுவரூபம் சேவிக்கக் கையில் கம்போடு கிளம்புகிறவர்கள் மறுபக்கம். இரு பக்கத்தாரும் எனக்கு வேண்டியவர்கள். ஏழு வயதில் என் கெண்டைக்காலைக் கடித்ததும் பள்ளிக்கூடம் வரை துணைக்கு வந்ததும் நம் தெரு நாய்கள்தான்.

சிங்கப்பூரில் தெருநாயே இல்லை என்று நினைக்காதீர்கள். நான் வேலை பார்க்கும் துவாஸ் தொழிற்பேட்டையில் உண்டு. முன்பெல்லாம் அரசு ஆட்கள் அவற்றைப் பிடித்துக் கொன்றார்கள். 2018 நவம்பரில் வழியை மாற்றி, கருத்தடை செய்து, வளர்க்க ஆளிருந்தால் கொடுத்து, இல்லாவிட்டால் தகுந்த இடத்தில் விடத் தொடங்கினார்கள். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு மேல் கருத்தடை முடிப்பது அப்போது வைத்த இலக்கு.

எங்கள் கம்பெனி வாசலில் பெரிய கூண்டை வைத்தவர்கள் உடனே கதவை இறக்கவில்லை. தினமும் சோறு போடும் சீன ஆன்ட்டியே பல நாள் கூண்டுக்குள் தட்டு வைத்தார். நாய்களுக்குப் பயம் தெளிந்த பிறகுதான் கதவு விழுந்தது. ஆன்ட்டி அழுதுவிட்டார். மறுவாரம் அதே நாய்கள் அவரிடமே திரும்பி வந்தன.

நமக்கு வேண்டியது சோறு வைக்கும் அந்தக் கைதான். நம் ஊர் மாநகராட்சிக்குக் கோணக்கரையில் கருத்தடை மையம் இருக்கிறது. ஆனால் வலையைக் கண்டதும் சூட்டிகையான பெட்டை நாய் சந்துக்குள் ஓடிவிடும். தப்பிய அந்த ஒன்று வருடத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடலாம். சோறு வைக்கிறவர் கூப்பிட்டால் அது வரும். கருத்தடை முடிந்ததைக் காட்டும் வெட்டு அடையாளம் எந்த நாயின் காதில் இல்லை என்பதும் அவருக்கே தெரியும்.

கம்பு எடுத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருத்தடை முடிந்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுத் திரும்பி வரும் நாயை விரட்டாதீர்கள். வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு போன்ற வளாகங்களுக்கு அதே வருடம் நவம்பரில் வேறு உத்தரவு வந்தது. பழகிய நாயை விரட்டினால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும்.

கடி பட்டால் எனக்கு அன்று வைத்ததுபோல் சுண்ணாம்பு வைக்காதீர்கள். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம், ஒரு தவணையும் விடக் கூடாது.

சித்திரைத் தேருக்கு வருகிறேன். அதற்குள் தெரு முனையிலிருந்து நாய்களை எண்ணத் தொடங்குங்கள். அம்மா போனில் சொன்ன செம்பட்டைப் பெட்டை நாயைப் பிடிக்க நானும் நிற்கிறேன்.

உங்கள் தெருப் பிள்ளை